மடியில் கனமும் வழியில் பயமும்

"மடியில் கனமில்லையென்றால் வழியில் பயமில்லை" என்பது எம் முன்னோர் வழங்கிய பழமொழி. பணமுடிச்சை மடியில் கட்டிக்கொண்டு போகிறவனுக்கே கள்வர் பயம் உண்டு என்பதுதான் அதன் நேர்ப்பொருள். நாளடைவில், குற்றமுள்ளவனுக்கே பயம் என்ற பொருளும் அதனோடு சேர்ந்துகொண்டது. இன்று கைத்தொலைபேசியைப் பூட்டி வைத்திருப்பவர்களைப் பார்த்து இந்த இரண்டாவது பொருளிலேயே அது சொல்லப்படுகின்றது. ஒளிப்பதற்கு ஒன்றுமில்லையென்றால் பூட்டு எதற்கு என்று அதிகாரத்திலுள்ளோர் கேட்கின்றனர். பத்திரிகைகள் பலவும் அதை அப்படியே அச்சிடுகின்றன. இக்கேள்வி நியாயமானதா என நாம் சற்று ஆராய்ந்து பார்ப்பது நல்லது.

2025-இல் ஐரோப்பாவில் நடந்ததை முதலில் எடுத்துக்கொள்வோம். கிராபீன் ஓ.எஸ். என்பது கைத்தொலைபேசியை இயக்கும் ஒரு மென்பொருள். கனடாவில் பதிவான, இலாப நோக்கற்ற அமைப்பொன்று அதனை இலவசமாக வழங்குகின்றது. கூகிள் நிறுவனத்தின் பிக்சல் தொலைபேசிகளில் அதனை நிறுவிக்கொள்ளலாம். உரிமையாளர் விரும்பாவிட்டால், ஒரு செயலி இணையத்தோடு தொடர்புகொள்ளாதவாறு அது தடுக்கும். நெடுநேரம் திறக்கப்படாதிருந்தால் தொலைபேசி தானாகவே மீளத் தொடங்கி, உள்ளே இருப்பவற்றை மேலும் இறுக்கமாகப் பூட்டிக்கொள்ளும். இதில் மர்மம் எதுவுமில்லை. அதன் நிரல் எவரும் வாசித்துச் சோதிக்கக்கூடியவாறு பகிரங்கமாகவே உள்ளது.

அவ்வாண்டின் நடுப்பகுதியில், ஸ்பெயினின் கட்டலோனியாப் பொலிஸார் பிக்சல் தொலைபேசி வைத்திருப்போரைப் போதைப்பொருள் வியாபாரிகளாக இருக்கலாம் எனச் சந்தேகிப்பதாகச் செய்திகள் வெளிவந்தன. நவம்பர் மாதம் பிரான்சின் 'லு பாரிசியன்' பத்திரிகை, இம்மென்பொருளைப் போதைப்பொருள் கடத்துவோர் பாவிக்கின்றனர் எனப் பொலிஸ் தகவலை ஆதாரமாகக் கொண்டு எழுதியது. தமது மென்பொருளில் இல்லாத அம்சங்களும் தம்முடையவை எனச் சொல்லப்பட்டதாக அதனைத் தயாரிப்போர் மறுத்தனர். பின்னர், பிரான்சில் தாம் தொடர்ந்து இயங்குவது பாதுகாப்பானதல்ல எனக் கூறி, அங்கிருந்து தமது சேவையகங்களை அகற்றுவதாக அறிவித்தனர். எந்தச் சட்டமும் அவர்களைத் தடைசெய்யவில்லை. எந்த நீதிமன்றமும் அவர்களைத் தண்டிக்கவில்லை. சந்தேகமே தடையின் வேலையைச் செய்து முடித்தது.

குற்றவாளிகள் இத்தகைய தொலைபேசிகளைப் பாவிப்பதில்லை என்று நாம் கூற வரவில்லை. பாவிக்கிறார்கள்தான். கசிப்புக் காய்ச்சுபவனும் சோறு ஆக்குபவளும் பானையைத்தான் அடுப்பில் வைக்கின்றனர். அதற்காகப் பானை வைத்திருப்போரையெல்லாம் பொலிஸ் நிலையத்துக்கு அழைப்பது முறையாகுமா?

குற்றவாளிகளைப் பிடிக்க வேறு வழியில்லை என்பதும் சரியன்று. அமெரிக்காவின் எப்.பி.ஐ., அவுஸ்திரேலியப் பொலிஸாருடன் சேர்ந்து, 'அனொம்' என்ற இரகசியத் தொலைபேசியைக் குற்றக் கும்பல்களிடையே பரவவிட்டது. ஏறத்தாழ 12,000 தொலைபேசிகள் 100-க்கு மேற்பட்ட நாடுகளில் பாவிக்கப்பட்டன. அவற்றினூடாகச் சென்ற செய்திகளைப் பொலிஸார் வாசித்துக்கொண்டிருந்தனர். 2021 யூன் மாதம் அதனை வெளியிட்டபோது 800-க்கு மேற்பட்டோர் கைதாகியிருந்தனர். இந்த முறையிலும் கேள்விகள் உண்டு. ஆயினும், குற்றவாளிகளுக்கென விற்கப்பட்ட கருவி ஒன்று, எவருக்கும் இலவசமாக வழங்கப்படும் பூட்டு வேறொன்று. பத்திரிகைகள் இவ்விரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுவதே நாம் கண்டிக்கும் தவறு.

மடியில் கனமே இல்லாதவருக்கும் பயம் வரலாம் என்பதற்கு அருட்தந்தை ஸ்டான் சுவாமியின் வாழ்வு சாட்சி. திருச்சி மாவட்டத்தில் பிறந்த இந்த யேசுசபைக் குரு, ஜார்க்கண்டில் ஆதிவாசி மக்களின் காணி உரிமைக்காகப் பல ஆண்டுகள் உழைத்தவர். 2020 ஒக்டோபரில், தமது 83-ஆவது வயதில், பயங்கரவாதத்துக்கு எதிரான சட்டமொன்றின்கீழ் கைதானார். பிணை கிடைக்காமலே 2021 யூலை 5-ஆம் திகதி உயிர் நீத்தார். அவருடைய கணினியில் கண்டெடுக்கப்பட்ட கடிதங்கள் அவருக்கு எதிரான சான்றுகளாகக் காட்டப்பட்டன. அவருடைய தரப்புச் சட்டத்தரணிகளின் வேண்டுகோளின்பேரில் அக்கணினியின் பிரதியை ஆராய்ந்தது அமெரிக்காவின் ஆர்செனல் என்ற நிறுவனம். 2014 முதல் 2019 வரை வெளியார் அதனுள் ஊடுருவியிருந்தனர் என்றும், அக்கடிதங்கள் அவர்களால் உள்ளே வைக்கப்பட்டவை என்றும் 2022 டிசெம்பரில் அது அறிக்கையிட்டது. பூட்டில்லாத மடியில் பிறரும் கனத்தை வைக்கலாம் அல்லவா?

அன்பார்ந்த வாசகர்களே, இவையெல்லாம் எங்கோ தூரத்தில் வசதி படைத்தோர் பேசும் விடயங்கள் என எண்ணிவிடாதீர்கள். பழமொழியின் முதற்பொருளில் பார்த்தால் எங்கள் எல்லோருடைய மடியிலும் கனம் உண்டு. இடம்பெயர்ந்தபோது காப்பாற்றிக்கொண்டு வந்த காணி உறுதியின் படம், காணாமற்போனவரைப் பற்றிய முறைப்பாட்டின் பிரதி, ஆணைக்குழுவின் முன் யார் சாட்சி சொன்னார் என்ற விபரம் ஆகிய அனைத்தும் இன்று அந்தச் சிறிய கருவிக்குள்ளேயே இருக்கின்றன. அது திறந்து கிடந்தால் ஆபத்து உங்களுக்கு மட்டுமல்ல, உங்களை நம்பிப் பேசியவருக்கும்தான்.

2024 சனவரியில் எமது பாராளுமன்றம் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. இணையத்தில் வரும் எந்தக் கூற்று பொய்யானது எனத் தீர்மானிக்கும் அதிகாரத்தை ஐவர் கொண்ட ஆணைக்குழுவொன்றுக்கு அது வழங்கியது. இத்தகைய சட்டம் பகிரங்கமாகப் பேசுவோரின் வாயைத் தொடுகின்றது. பூட்டின்மீதான சந்தேகமோ அதற்கும் முன்னே சென்று, இருவர் தமக்குள் பேசிக்கொள்வதையே தொடுகின்றது. தமக்குள் பயமின்றிப் பேச முடியாதவர்கள் சபையில் எழுந்து பேசப்போவதில்லை. பேச்சுச் சுதந்திரத்தின் வேர் அங்கேதான் இருக்கின்றது.

நீதிமன்றக் கட்டளையோடு குறித்த ஒருவரைத் தேடுவது பொலிஸாரின் கடமை. எல்லோருடைய வீட்டுக்கும் பொதுவான ஒரு திறப்பைக் கேட்பது கடமையன்று. பத்திரிகையில் 'பொலிஸார் தெரிவித்தனர்' என்று வாசிக்கும்போது, மறுதரப்பாரிடமும் கேட்டு எழுதப்பட்டுள்ளதா எனப் பாருங்கள். விலையுயர்ந்த பிக்சல் எமக்கு வேண்டியதில்லை. கையிலிருக்கும் தொலைபேசிக்கு ஓர் இரகசிய இலக்கத்தை இன்றே இடுங்கள். கேட்கும் செயலிகளுக்கெல்லாம் அனுமதி கொடுக்காதீர்கள். வளவுக்கு வேலியும் படலையும் வைத்து வாழ்ந்தவர்கள் நாம். படலையைச் சாத்தியதற்காக அயலவரை எவரும் கள்ளர் என்று சொன்னதில்லை.