பத்துப் போட்டி... ஒரு ஆமை!

18 வயசுல நீங்க என்ன பண்ணிட்டு இருந்தீங்க பாஸ்? மார்க் ஷீட்டுக்கு லேமினேஷன் போட்டுக்கிட்டு அப்ளிகேஷன் க்யூவுல நின்னிருப்பீங்க. ஆஸ்திரேலியாவின் ஜான் கான் அந்த வயசுல ஒலிம்பிக் மைதானத்துல நின்னார்! 1956, மெல்போர்ன். போட்டி டெகாத்லான். ஓட்டம், தாண்டல், எறிதல்னு ரெண்டே நாள்ல பத்து ஐட்டம். எல்லாம் முடிஞ்சு நாக்கு தள்ளுற நேரத்துல, 1,500 மீட்டர் ஓட்டம் வேற! தங்கம் அமெரிக்காவின் மில்ட் கேம்ப்பெல்லுக்குப் போச்சு. ஜானுக்கு மெடல் இல்லை.

ஆனா, வீட்ல பாம்பு இருந்துச்சு. அப்பா ஜார்ஜ் கான், சிட்னி பக்கத்துல லா பெரூஸ்ங்கிற இடத்துல ஞாயித்துக்கிழமைகள்ல பாம்பு ஷோ நடத்தினவர். அம்மா எஸ்ஸியும் 'க்ளியோபாட்ரா'ங்கிற பேர்ல பாம்பும் கையுமா நின்னவங்க. 1965-ல் அப்பா இறந்ததும் ஜானும் அவர் சகோதரரும் ஷோவை எடுத்து நடத்தினாங்க. பிரவுன் பாம்பு, டைகர் பாம்புன்னு எல்லாமே கொடிய விஷம். 2010 வரைக்கும் ஜான் அந்த வேலியைத் தாண்டி உள்ளே போய்ட்டுதான் இருந்தார்!

அவர் தூக்கத்தைக் கெடுத்தது என்னவோ பாம்பு இல்லை, ஒரு குட்டி ஆமை. 1960, 70-கள்ல ஆஸ்திரேலிய பெட் கடைகள்ல 'பென்னி டர்ட்டில்'னு குட்டி ஆமைகளை வித்தாங்க. பார்த்ததுமே ஜானுக்கு டவுட். இது நமக்குத் தெரிஞ்ச எந்த இனமும் இல்லையே? எந்த ஆத்துல பிடிச்சதுன்னு வியாபாரிகள் வாயே திறக்கலை. பிசினஸ் ரகசியமாம்! ஜான் ஆறு ஆறாத் தேடினார். ஒரு வருஷம், ரெண்டு வருஷம் இல்லை. கால் நூற்றாண்டுக்குப் பக்கம்!

1990-ல் குவின்ஸ்லாந்தின் மேரி நதியில் சிக்குச்சு. 1994-ல் ஜான் லெக்லர்ங்கிற விஞ்ஞானியும் இவரும் சேர்ந்து வெச்ச பேர் 'எலூசர் மேக்ரூரஸ்'. 'டிமிக்கி கொடுத்த நீள வால்காரன்'னு வெச்சுக்கலாம். இன்னொரு விசேஷம், சிரிக்காம படிங்க: தண்ணிக்குள்ளே இருக்கறப்ப பின்பக்கத் துவாரம் வழியாகவும் ஆக்சிஜனை இழுத்துக்கும்!

கஷ்டமான விஷயம் என்னன்னா, இந்த ஆமை வளர்ந்து முட்டையிடும் பருவத்துக்கு வரவே இருபது வருஷத்துக்கு மேல ஆகும். கடைகளுக்காக வருஷா வருஷம் முட்டையை அள்ளினா மிச்சம் என்ன இருக்கும்? அது போதாதுன்னு 2006-ல் அதே நதியில் அணை கட்ட மாநில அரசு திட்டம் போட்டுச்சு. ஆத்தோர மக்கள் விடலை. 2009-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சர் பீட்டர் கேரட் (ராக் பேண்ட் பாடகரா இருந்தவர்!) 'நோ' சொன்னார். அணையால அழிய வாய்ப்புள்ள உயிரினங்கள்னு அவர் சொன்னதுல இந்த ஆமையும் ஒண்ணு.

தலையில பச்சைப் பாசி முடி மாதிரி சிலுப்பிக்கிட்டு, பங்க் ஸ்டைல்ல ஒரு ஆமை போட்டோ 2018-ல் நெட் முழுக்க சுத்துச்சே, ஞாபகம் இருக்கா? நம்ம ஹீரோ தேடின ஆமை அதேதான்!