உங்க சம்பள சிலிப்... அப்பாவோட வீடு!

"நம்ம ஏரியாவுல ஒரு அஞ்சு சென்ட் விலைக்கு வருதுப்பா. வட்டியும் இப்ப குறைஞ்சிருக்காம். உன் சம்பள சிலிப் இருந்தா பேங்க்ல லோன் தருவாங்களாம்..."

வேலைக்குப் போய் மூணு மாசம் ஆன யாரைக் கேட்டாலும் இந்த டயலாக்கை அப்பா குரலிலேயே பேசிக் காட்டுவாங்க. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துப் பசங்க, பொண்ணுங்கன்னா கேட்கவே வேண்டாம். ராஜூக்கள் கல்லூரியிலோ, கிருஷ்ணன்கோவில் கலசலிங்கத்திலோ படிப்பை முடிச்சு, சென்னைக்கோ கோவைக்கோ பஸ் ஏறினதும் வீட்டிலிருந்து வர்ற முதல் பெரிய கோரிக்கை இதுதான்.

காரணம் சிம்பிள். ராஜபாளையத்துல மில் வேலை, சத்திரப்பட்டியில பேண்டேஜ் துணி நெய்யிற தறி, தளவாய்புரத்துல நைட்டி தையல், ஸ்ரீவில்லிபுத்தூர்ல பால்கோவா வியாபாரம். உழைப்புக்குக் குறைச்சலே இல்லை. ஆனா இதுல பல வீடுகள்ல பேங்க் கேட்கிற பேப்பர் மட்டும் இருக்காது. வாரக்கூலிக்கு ஏது பே-ஸ்லிப்? அந்தக் குடும்பத்துல முதன்முதலா மாசாமாசம் அக்கவுன்ட்டுல சம்பளம் ஏறுற ஆள் நீங்கதான். அதனால இருபது வருஷக் கனவுக்கும் இருபது வருஷக் கடனுக்கும் சாவி உங்க கையில வந்து விழுது.

கையெழுத்துப் போடாதீங்கன்னு சொல்ல வரலை. எதுல போடறோம்னு தெரிஞ்சு போடுங்க. அவ்வளவுதான்.

வட்டி ஏன் குறையுது?

பேங்குகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கிற வட்டிக்குப் பேர் ரெப்போ. 2019 அக்டோபரிலிருந்து பேங்குகள் புதுசா தர்ற ஃப்ளோட்டிங் வீட்டுக்கடனை ரெப்போ மாதிரி ஒரு வெளி அளவுகோலோடு கட்டிப்போடணும்னு விதி வந்தது. அதுக்கு மேல பேங்க் தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்த்துக்கும். ரெப்போ ஏறினா உங்க வட்டி ஏறும். இறங்கினா இறங்கும். (ஹவுசிங் பைனான்ஸ் கம்பெனின்னா இந்த விதி கிடையாது. அவங்களோட அடிப்படை வட்டி எது, எப்ப மாத்துவாங்கன்னு தனியா கேட்டு வாங்கணும்.)

சரி, ரிசர்வ் வங்கி எப்ப வட்டியை இறக்கும்? பெரும்பாலும் ஊர்ல பணப்புழக்கம் மந்தமா இருக்கும்போது! பழசைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்க.

2008 ஜூலையில ரெப்போ 9 சதவீதம். அமெரிக்காவுல லேமன் பிரதர்ஸ் கவிழ்ந்து உலகமே ஆட்டம் கண்டதும், 2009 ஏப்ரல்ல அது 4.75-க்கு வந்தது. முதல் வருஷம் 8 சதவீதம்னு ஸ்டேட் வங்கி வீட்டுக்கடன் கொடுத்தது அந்த 2009-லதான். அதே சமயத்துலதான், கேம்பஸ்ல செலக்ட் ஆனவங்களுக்கு ஜாயினிங் தேதியை ஐ.டி. கம்பெனிகள் தள்ளித் தள்ளிப் போட்டதும். 2011 அக்டோபர்ல ரெப்போ திரும்ப 8.5-க்கு ஏறிடுச்சு.

2020 மே மாசம், கொரோனா ஊரடங்கு. ரெப்போ 4 சதவீதம். வீட்டுக்கடன் 7 சதவீதத்துக்கும் கீழே கிடைச்சது. மில் கேட்டும் தறிக்கூடமும் பூட்டிக் கிடந்ததும் அந்த ஊரடங்குலதான்.

2025-ல பிப்ரவரி, ஏப்ரல், ஜூன், டிசம்பர்னு நாலு தடவை இறங்கி, 6.5-லிருந்து 5.25-க்கு வந்தது. அதே வருஷம் ஆகஸ்ட்ல இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட, ஜவுளி ஏற்றுமதிக்காரங்க தலையில கை வெச்சாங்க.

புரியுதா பாஸ்? கடன் மலிவா கிடைக்கிற நேரமும் வேலை ஆட்டம் காணுற நேரமும் அடிக்கடி ஒரே பஸ்ல வருது. 'வட்டி குறைஞ்சிருக்கு, இதுதான் நேரம்'னு யாராவது சொன்னா, 'ஏன் குறைஞ்சிருக்கு?'ன்னு ஒரு கேள்வி கேளுங்க.

வெறும் 49 ரூபாய்!

இப்ப ஒரு கணக்கு. 2021-ல 20 லட்சம் கடன், 20 வருஷம், 7 சதவீத வட்டி. மாசம் இ.எம்.ஐ. 15,506 ரூபாய். ஒரு வருஷம் ஒழுங்கா கட்டியாச்சு. பாக்கி சுமார் 19 லட்சத்து 52 ஆயிரம்.

2022 மே மாசத்திலிருந்து 2023 பிப்ரவரிக்குள்ள ரெப்போ 4-லிருந்து 6.5-க்குப் போச்சு. பத்தே மாசத்துல இரண்டரை சதவீதம்! கணக்கு லேசா இருக்க, அந்த ஏற்றம் மொத்தமும் ஒரே நாள்ல வந்ததா வெச்சுக்குவோம். 7 சதவீதம் 9.5 ஆயிடுச்சு. இப்ப அந்தப் பாக்கிக்கு ஒரு மாச வட்டி மட்டுமே சுமார் 15,457 ரூபாய். நீங்க அதே 15,506 கட்டினா, அசலுக்குப் போறது 49 ரூபாய். டீயும் வடையும் சாப்பிட்டா சரியாப் போச்சு!

இந்த வேகத்துல கட்டினா பேரன் வந்துதான் கடனை அடைக்கணும். மிச்சமிருக்கிற 19 வருஷத்துக்குள்ள முடியணும்னா இ.எம்.ஐ. 18,500 ரூபாய்க்கு மேல போகும். 'தவணைத் தொகை மாறவே இல்லையே'ன்னு நிம்மதியா இருந்த பல பேருக்கு, கடன் வருஷம் சத்தமில்லாம நீண்டுபோன கதை இதுதான்.

இதுக்காகவே 2023 ஆகஸ்ட்ல ரிசர்வ் வங்கி ஒரு உத்தரவு போட்டது. வட்டி மாறும்போது தவணையைக் கூட்டணுமா, காலத்தை நீட்டணுமா, ரெண்டும் கொஞ்சமான்னு கடன் வாங்கினவரைக் கேட்கணும். கேட்டு வாங்குற உரிமை உங்களுது. ஃப்ளோட்டிங் வீட்டுக்கடனை முன்கூட்டியே அடைச்சா பேங்க் அபராதம் போடக்கூடாதுன்னு 2012-லேயே சொல்லியாச்சு. போனஸ் வந்தா ஒரு பகுதியை அசல்ல போடுங்க. ஆரம்ப வருஷங்கள்ல போடற பணத்துக்குத்தான் பலன் அதிகம்.

நம்ம ஊர் வானிலை

நம்ம ஊருக்குன்னு தனியா ஒரு ரிஸ்க் இருக்கு. 1936-ல பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கின நாளிலிருந்து இந்த ஊரோட நாடித்துடிப்பே பஞ்சுதான். 2022 மே மாசத்தை எடுத்துக்குங்க. ரிசர்வ் வங்கி வட்டியை ஏத்த ஆரம்பிச்ச அதே மாசம், ஒரு கண்டி பருத்தி, அதாவது 356 கிலோ, ஒரு லட்ச ரூபாயைத் தாண்டியது. ஒரு பக்கம் தவணை ஏறுது, இன்னொரு பக்கம் நூல் மில்காரங்களுக்குக் கையைக் கடிக்குது.

அப்பா சம்பளமும் பஞ்சை நம்பி, அண்ணன் தறியும் பஞ்சை நம்பி இருக்கிற வீட்டுல, உங்க ஒருத்தர் சம்பளம் மட்டும்தான் வேற கூடையில இருக்கிற முட்டை. 'தவணையை எல்லாரும் பகிர்ந்துக்கலாம்'னு வீட்டுல பேசும்போது இதையும் நினைச்சுக்குங்க. அவங்களுக்கு வேலை குறையும்போது ரெண்டு பேர் பங்கும் சேர்ந்தே குறையும்.

மனை, பத்திரம், சகவிண்ணப்பதாரர்

அடுத்தது மனை. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பர்ல சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது ஞாபகம் இருக்கா? 2016 அக்டோபர் 20-க்கு முன்னாடி பிரிச்ச மனைகளுக்கு 2017-ல வரன்முறைத் திட்டம் வந்தது. 'விலை கம்மி, அப்ரூவல் அப்புறம் பார்த்துக்கலாம்'னு சொல்ற மனைக்கு அட்வான்ஸ் கொடுத்துடாதீங்க. பேங்க் பெரும்பாலும் கையை விரிச்சிடும். பட்டா, மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று மூணையும் வக்கீல்கிட்ட காட்டுங்க. நம்ம பக்கம் கண்மாயும் ஓடையும் ஜாஸ்தி. பக்கத்துல நீர்நிலைப் புறம்போக்கு இருக்கான்னு சர்வே நம்பரை வெச்சுப் பார்க்கிறது ரொம்ப முக்கியம்.

பத்திரச் செலவையும் மறந்துடாதீங்க. 2023 ஏப்ரலிலிருந்து முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 8 லட்ச ரூபாய் மனைக்கு 72 ஆயிரம். 2025 ஏப்ரலிலிருந்து, 10 லட்சம் வரைக்கும் உள்ள சொத்தைப் பெண்கள் பேர்ல பதிஞ்சா பதிவுக் கட்டணத்துல 1 சதவீதம் குறைவு. அம்மா பேர்ல பதிஞ்சா 8 ஆயிரம் மிச்சம்!

ஆனா இங்கதான் இன்னொரு விஷயம். சொத்து ஒருத்தர் பேர்ல, கடன்ல மட்டும் நீங்க 'கோ-அப்ளிகன்ட்'டுன்னா, வீட்டுல உங்களுக்குப் பங்கு இல்லை. கடனுக்கு மட்டும் முழுப் பொறுப்பு. அப்பா ரெண்டு தவணை விட்டா உங்க சிபில் ஸ்கோரும் சேர்ந்து அடிவாங்கும். நாளைக்கு நீங்க வேலை பார்க்கிற ஊர்ல ஃப்ளாட் வாங்கப் போனா, இந்தத் தவணையைக் கழிச்சுட்டுத்தான் பேங்க் உங்களுக்குக் கணக்குப் போடும். பொண்ணுங்களுக்கு இது இன்னும் பெரிய கேள்வி. கல்யாணத்துக்கு அப்புறமும் கடன் உங்க பேர்லதான் இருக்கும். அப்ப யார் கட்டுறது? பாசம் குறையாம, முகம் சுளிக்காம, இதை இப்பவே பேசி ஒரு பேப்பர்ல எழுதி வெச்சுக்கிறது எல்லாருக்கும் நல்லது.

மூணு நம்பர்

முதல் நம்பர்: இன்னிக்கு வட்டியில இ.எம்.ஐ. எவ்வளவு? 20 லட்சம், 20 வருஷம், 7.75 சதவீதம்னா 16,419.

ரெண்டாவது நம்பர்: இதே வட்டி இரண்டரை சதவீதம் ஏறினா? 10.25-ல 19,633. மாசம் 3,214 ரூபாய் கூடுதல். ரூம் வாடகை, மெஸ், வீட்டுக்கு அனுப்பறது போக இதைத் தாங்குமா?

மூணாவது நம்பர்: ஆறு மாசத் தவணை. கிட்டத்தட்ட ஒரு லட்சம். இது தனியா பேங்க்ல இருக்கா?

மூணுக்கும் பதில் 'ஆமா'ன்னா, தைரியமா பேனாவை எடுங்க. ஏதாவது ஒண்ணு 'இல்லை'ன்னா, கடனைக் குறைங்க, இல்லன்னா ரெண்டு வருஷம் தள்ளிப்போடுங்க. அதுவரைக்கும் நம்ம பக்கத்து வழக்கமான ஒத்திக்கு வீடு பிடிக்கிறதும் ஒரு வழிதான். ஆனா ஒத்திப் பணத்தை வெறும் முத்திரைத்தாளை நம்பிக் கொடுக்காதீங்க. பதிவு செஞ்சா மட்டுமே சட்டம் துணைக்கு வரும்.

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்'னு பெரியவங்க சும்மா சொல்லலை. ரெண்டுலயும் வாக்கு கொடுக்கிறது ஒரு நிமிஷம், காப்பாத்துறது பல வருஷம். இந்த வாரம் வீட்டுக்கு போன் பண்ணும்போது அந்த மூணு நம்பரை அப்பா, அம்மாகிட்ட சத்தமா வாசிச்சுக் காட்டுங்க. அவங்க கோவிச்சுக்க மாட்டாங்க. 'புள்ளைக்குக் கணக்குத் தெரியுது'ன்னு பக்கத்து வீட்டுல சொல்லிப் பெருமைப்படுவாங்க!