ஆசிரியர் வாய் மூடும் ஒரு பாடவேளை

கிருஷ்ணகிரி மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் அவர்களுக்கு,

ஊத்தங்கரை வட்டம் சாமல்பட்டியிலிருந்து எழுதுகிறோம். ஆங்கிலம் பேசப் பழக்கும் வகுப்பில் ஆசிரியரின் வேலை என்ன என்பதுதான் இந்த மடலின் பொருள். அவர் நன்றாகப் பேசிக் காட்ட வேண்டும் என்பார்கள் பலர். பிள்ளைகளைப் பேச விட்டுவிட்டு அவர் கேட்க வேண்டும் என்பது எங்கள் கட்சி.

பர்கூர் சிப்காட்டில் தைவானின் ஃபெங் டே குழுமத்துக்குக் காலணித் தொழிற்சாலை இருக்கிறது. ஓசூர்ப் பக்கம் டாடா எலக்ட்ரானிக்ஸ் ஐபோன் பாகங்கள் செய்கிறது. இரண்டிலும் பெண்களே அதிகம். தைவானிலிருந்து வரும் மேலாளருக்கு வீட்டு மொழி சீனம். நம் மாவட்டத்துப் பெண்ணுக்குத் தமிழோ தெலுங்கோ கன்னடமோ. நடுவில் இருக்கும் ஆங்கிலம் இருவருக்குமே இரவல். லண்டன் உச்சரிப்பை வைத்துக்கொண்டு அங்கே என்ன செய்வது? 'புரியவில்லை, இன்னொரு முறை சொல்லுங்கள்' என்று கூசாமல் கேட்க வேண்டும். பசை காயவில்லை, அதனால்தான் அடிப்பாகம் பிரிகிறது என்று காரணம் சொல்ல வேண்டும். இதை மனப்பாடம் செய்து வரவழைக்க முடியாது.

சீன மொழி பேசும் பிள்ளைகளுக்கும் இதே பாடுதான். வருடக்கணக்கில் இலக்கணம் படித்தும் வாய் திறக்காத ஆங்கிலத்தைச் சீனர்களே 'ஊமை ஆங்கிலம்' என்று கேலி செய்வதுண்டு. அவர்கள் பேச்சில் அவன், அவள் இரண்டுக்கும் ஒரே ஒலி. ஆகவே ஆங்கிலம் பேசும்போது ஆண் பெண்ணாகிவிடுவார், பெண் ஆணாகிவிடுவார். நம் பிள்ளைகள் ஸ்கூலை 'இஸ்கூல்' ஆக்குவார்கள். முதல் பிழையால் ஆள் மாறிப்போகும், அதைத் திருத்தத்தான் வேண்டும். ஆனால் பிள்ளை சொல்லி முடித்த பிறகு. இரண்டாவதால் யாருக்கும் நட்டமில்லை, அது கிடக்கட்டும். எதை எப்போது திருத்துவது என்று தெரிவதுதான் இந்த வகுப்பில் ஆசிரியரின் படிப்பு. வாக்கியத்தின் பாதியிலேயே குறுக்கே விழுந்தால் பிள்ளை அடுத்த வாக்கியத்தைத் தொடங்காது.

ஹாங்காங்கைப் பாருங்கள். 1998இல் அங்கே ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஆசிரியர்களை அரசுச் செலவில் பள்ளிகளில் அமர்த்தும் திட்டம் தொடங்கியது. நமக்கு அது கட்டுப்படியாகாது, தேவையும் இல்லை. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அவர்களுடைய தேர்வு முறைதான். 2012 முதல் நடக்கும் பள்ளியிறுதித் தேர்வில் ஆங்கில மதிப்பெண்ணில் 10 சதவீதம் பேச்சுக்கு. நான்கு மாணவர்களை ஒன்றாக உட்காரவைத்து ஒரு பொருளைக் கொடுக்கிறார்கள். தயாராக 10 நிமிடம், தங்களுக்குள் பேச 8 நிமிடம். அந்த 8 நிமிடமும் தேர்வாளர் குறுக்கிடுவதில்லை.

நம் பத்தாம் வகுப்பு ஆங்கிலத்துக்கு 100 மதிப்பெண், அத்தனையும் எழுத்து. ஊத்தங்கரையோ மதிப்பெண்ணுக்குப் பேர்போன வட்டாரம். மதிப்பெண் இல்லாத வேலைக்கு இங்கே யார் நேரம் ஒதுக்குவார்கள்? அதற்காக ஆசிரியர்களைக் குறை சொல்ல மாட்டோம். அவர்களில் பலருக்கும் பள்ளிக்கு வெளியே ஆங்கிலத்தில் பேச ஆளில்லை. பிள்ளைகள் முன் தடுமாறிவிடுவோமோ என்ற பயத்தில் பாடநூலை வாசித்து, தமிழில் பொருள் சொல்லி, மணி அடித்ததும் வெளியே வந்துவிடுகிறார்கள். பயிற்சி என்று அழைத்து அவர்களையும் நாள் முழுக்க உட்காரவைத்துச் சொற்பொழிவு கேட்க வைப்பதுதான் நடக்கிறது!

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 பிள்ளைகள், 40 நிமிடம். ஆசிரியர் ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்டால் ஆளுக்கு ஒரு நிமிடம்கூடத் தேறாது. நால்வர் நால்வராகப் பிரித்து 20 நிமிடம் பேசவிட்டால் ஆளுக்கு 5 நிமிடம் கிடைக்கும். வகுப்பில் இரைச்சல் எழும்தான். பார்வையிட வருகிறவர்கள் அந்த இரைச்சலைக் குறையாக எழுதாமல் இருக்க வேண்டும். இது உங்கள் கையில் இருக்கிறது.

கீழ் வகுப்புகளில், செயல்பாடுகள் வழியே நடக்கும் வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண் ஏற்கெனவே உண்டு. செயல்பாடுகளைத் தேர்ந்தெடுப்பவர் ஆசிரியர். அதில் ஒரு பங்கை நால்வர் உரையாடலுக்கு ஒதுக்கச் சொல்லுங்கள். பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்களில் ஆங்கில ஆசிரியர்கள் தங்களுக்குள் ஒரு மணி நேரம் ஆங்கிலத்திலேயே பேசட்டும். பொருள் எதுவாகவும் இருக்கட்டும், மாங்காய் விலையானாலும் சரி. இதற்குப் படம் எடுத்து அனுப்பு, பதிவேற்று என்று புதிய வேலை எதையும் தலையில் கட்டாதீர்கள்.

புதிய நிதி வேண்டாம், புதிய பணியிடம் வேண்டாம். ஒரு சுற்றறிக்கை போதும். வரும் பருவத்திலேயே ஊத்தங்கரை ஒன்றியத்தில் தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.