இங்கிலீஸ் படிச்சா மலையிறங்கணுமா?

"கெம்பஸ் முடிச்சு என்ன செய்யப் போறீங்க?"

லீவுக்கு ஹட்டன் பக்கம் பஸ் ஏறும்போதெல்லாம் எங்களுக்கு விழுகிற முதல் கேள்வி இதுதான். "தோட்டத்து ஸ்கூல்ல இங்கிலீஸ் படிச்சுக் கொடுக்கலாம்னு இருக்கோம்" என்றால் கேட்டவர் முகம் சுருங்கிவிடும். "அதுக்கா இவ்வளவு படிச்சீங்க? கொழும்புக்குப் போனா நல்லா உழைக்கலாமே!"

எங்கள் நன்மைக்குத்தான் சொல்கிறார்கள். ஆனால் அதற்குள் ஒரு முடிவு ஒளிந்திருக்கிறது: ஆங்கிலம் என்பது மலையை விட்டு இறங்குவதற்கான ஏணி. ஏறினவங்க எல்லாம் ஏணியையும் தூக்கிட்டுப் போனா, மிச்சப் புள்ளைங்க என்ன செய்யும்?

ஆங்கிலம் எங்களுக்குப் புதுசில்லை. பெரட்டு, லயம், செக்ரோல் எல்லாம் ஆங்கிலத்திலிருந்து வந்து எங்கள் பாட்டிமார் வாயில் தமிழாகிப்போன சொற்கள். ஆனால் அது கட்டளையின் மொழியாகவே மலைக்கு வந்தது. வெள்ளைக்காரச் சின்னத்துரைமார் தமிழ் பழகுவதற்கென்று கொழும்பில் அச்சான ஒரு கைநூலின் பெயரே 'இங்கே வா'. அவர்கள் எங்கள் மொழியைப் படித்தது ஏவுவதற்கு. நாங்கள் அவர்கள் மொழியைப் படித்துப் பதில் சொல்வதற்கு யாரும் புத்தகம் போடவில்லை.

அதையும் மீறி மடக்கொம்பரைத் தோட்டத்தில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை, துரைமாரின் மொழியிலேயே கொழுந்து பறிக்கும் சனங்களின் வாழ்க்கையை எழுதினார். 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றத்துக்கும் போனார். ஆனால் அந்தக் காலத்தில் அப்படி ஆங்கிலம் கிடைத்த தோட்டத்துப் பிள்ளைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்.

இன்றைக்கு என்ன நிலைமை? பாடத்திட்டப்படி மூன்றாம் வகுப்பிலிருந்து ஆங்கிலம் ஒரு பாடம். அரசியலமைப்பு அதை நாட்டின் இணைப்பு மொழி என்கிறது. எங்களில் பலருக்கோ இங்கிலீஸ் பாடவேளை என்றால் கிரிக்கெட்தான். டீச்சர் மாற்றலாகிப் போனால் அடுத்தவர் வர வருடங்கள் ஆகும். ஓ.எல்.லில் ஆங்கிலம் ஃபெயிலானாலும் ஏ.எல். போகலாம். ஏ.எல்.லில் பொது ஆங்கிலம் எழுதினாலும் அந்தப் புள்ளி இசட் ஸ்கோரில் சேராது. அதனால் பாடசாலையும் கண்டுகொள்ளாது, நாங்களும் கண்டுகொள்ளவில்லை. கெம்பஸ் வந்த முதல் வாரம், கையில் கொடுத்த ஆங்கிலக் கட்டுரையைப் பார்த்தபோதுதான் யாருக்கு நட்டம் என்று விளங்கியது.

"அப்போ உங்க இங்கிலீஸே அரைகுறைதானே, நீங்க எப்படி படிச்சுக் கொடுப்பீங்க?" நியாயமான கேள்வி. இதை நாங்களே எங்களிடம் நிறையத் தடவை கேட்டிருக்கிறோம்.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவரே சிறந்த ஆங்கில ஆசிரியர் என்பது வெறும் மாயை என்று ராபர்ட் பிலிப்சன் 1992இலேயே எழுதிவிட்டார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா, போர்க்காலத்தில் தன் மாணவர்கள் ஓர் அமெரிக்கப் பாடநூலின் ஓரங்களில் கிறுக்கியதையும் வரைந்ததையும் ஆராய்ந்தார். பாடத்துக்கு வெளியே மாணவர்கள் தங்கள் வாழ்க்கையைப் புத்தகத்துக்குள் கொண்டுவந்திருந்தார்கள். பின்னாளில் இந்தத் துறையின் முக்கிய ஆய்விதழான டெசோல் குவார்ட்டர்லிக்கு அவரே ஆசிரியராக இருந்தார்.

எங்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: தமிழில் இல்லாத அந்த 'த' வாக்கியத்தில் எங்கே வரும் என்று நாங்கள் வருடக்கணக்காகத் தடுமாறினோம். தடுக்கி விழுந்தவனுக்குத்தான் எந்த இடத்தில் கல் இருக்கிறது என்று தெரியும்.

போன டிசம்பர் லீவில் ஒரு தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் இரண்டு வாரம் வகுப்பு எடுத்தோம். நாங்கள் கொண்டுபோன பாடம் 'சூப்பர் மார்க்கெட்டில் பொருள் வாங்குதல்'. எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று எழும்பிக் கேட்டது: "மிஸ், அம்மாவோட கொழுந்துல ரெண்டு கிலோ வெட்டிட்டாங்க. ஏன் வெட்டினீங்கன்னு இங்கிலீஸ்ல எப்படிக் கேக்கிறது?"

சூப்பர் மார்க்கெட்டை மடித்து வைத்துவிட்டோம். அன்றைக்கு முழுவதும் கேள்வி கேட்கும் வாக்கியங்கள்தான். தராசு, கழிவு, சம்பளத் துண்டு. மண்டபமே கத்தியது: "வை டிட் யூ கட் டூ கிலோஸ்?" இலக்கணம் அவ்வளவு வேகமாக ஏறினதை நாங்கள் எங்கள் வகுப்பில்கூடப் பார்த்ததில்லை. 'இங்கே வா' புத்தகத்துக்கு இவ்வளவு காலம் கழித்து வந்த பதில் மாதிரி இருந்தது.

அந்தக் கேள்வி வெளியூரிலிருந்து வரும் எவருக்கும் விளங்காது என்று சொல்லவில்லை. நல்ல சேர்மார், மிஸ்மார் எவ்வளவோ பேர் வந்திருக்கிறார்கள். ஆனால் கிலோ வெட்டுவது என்றால் என்னவென்று எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இதைத் தியாகமாகப் பேசுவதையும் நிறுத்த வேண்டும். 2015 அளவில் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு எடுத்த ஆசிரிய உதவியாளர்களுக்கு முதலில் மாதக் கொடுப்பனவு 6,000 ரூபா, பிறகு 10,000. அதில் பஸ் காசும் சாப்பாடும் போனால் என்ன மிஞ்சும்? "சமூகத்துக்குச் சேவை செய்யுங்க" என்று மேடையில் சொல்வது லேசு. தோட்டப் பாடசாலைக்கு வரும் ஆங்கில ஆசிரியருக்கு முறையான நியமனமும் முழுச் சம்பளமும் தங்க ஓர் அறையும் வேண்டும். பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி மாதிரி மலையகத்திலேயே இருக்கும் நிறுவனங்களில் எங்கள் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் பயிற்சி தாராளமாகக் கிடைக்க வேண்டும். இதைக் கேட்பது பேராசை இல்லை. இது ஒரு தொழில், தொழிலுக்குரியதைக் கேட்கிறோம்.

கொழும்புக்குப் போகிறவர்களை நாங்கள் குறை சொல்லவில்லை. எங்கள் பட்ச்சிலேயே பாதிப்பேர் போவார்கள். வீட்டுக் கடன் அப்படி. போகாதவர்களைப் பார்த்து 'வேற வழியில்லாம இருக்கிறாங்க' என்று சொல்லாமல் இருந்தாலே போதும்.

அடுத்த லீவுக்கும் அந்தக் கோயில் மண்டபத்துக்குப் போகிறோம். ஆங்கிலம் ஓரளவு தெரிந்தால் நீங்களும் வரலாம். சூப்பர் மார்க்கெட் பாடத்தை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வாங்க.