ஒரே ஊர்: ஒரு கிணற்றில் நல்ல நீர், மறு கிணற்றில் நஞ்சு!

வங்காளதேசத்தில் 2000-ம் ஆண்டை ஒட்டி, சுமார் 50 லட்சம் குழாய்க் கிணறுகளைச் சோதித்தார்கள். சோதித்த கிணறுகளுக்கு வர்ணம் பூசினார்கள். பச்சை என்றால் குடிக்கலாம். சிவப்பு என்றால் குடிக்கக் கூடாது!

பக்கத்துப் பக்கத்து வீடுகளில் ஒன்று பச்சை, மற்றொன்று சிவப்பு. ஏன் இப்படி?

பேதிக்குப் பயந்து

அங்கே ஒரு காலத்தில் குளத்து நீரைக் குடித்தார்கள். காலராவும் பேதியும் குழந்தைகளைக் கொள்ளை கொண்டன. எனவே, 1970-களில் அரசாங்கமும் யுனிசெப் நிறுவனமும் ஊர் ஊராகக் குழாய்க் கிணறு போட்டன. பேதி குறைந்தது.

ஆனால், அந்த நீரில் வேறு எமன் இருந்தான். அவன் பெயர் "ஆர்சனிக்" என்னும் பாஷாணம். நிறம் இல்லை, மணம் இல்லை, ருசியும் இல்லை. கொதிக்க வைத்தாலும் போகாது. பல ஆண்டுகள் குடித்தால் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தோல் தடிக்கும். புற்றுநோயும் வரும்.

மேற்கு வங்காளத்தில் 1983-லும், வங்காளதேசத்தில் 1993-லும் இது தெரிய வந்தது.

இரண்டு வகை மணல்

இந்தப் பாஷாணத்தை யாரும் கொட்டவில்லை. இமயமலையில் இருந்து கங்கையும் பிரம்மபுத்திராவும் அடித்து வந்த மணலிலேயே அது இருக்கிறது. மணலின் மேல் படிந்த இரும்புத் துருவில் அது ஒட்டிக் கொண்டிருக்கிறது.

சுமார் 20 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதை விடச் சுமார் 400 அடி கீழே இருந்தது. ஆறுகள் பூமியை ஆழமாக அறுத்துக் கொண்டு ஓடின. இடையே இருந்த மேட்டு நிலம் காற்றும் மழையும் பட்டுப் பழுப்பு மணல் ஆயிற்று. அதன் மேல் கெட்டியான களிமண் மூடி போலப் படிந்தது. இந்தப் பழுப்பு மணலில் துரு கரையாமல் இருக்கிறது. பாஷாணத்தைப் பிடித்து வைத்துக் கொள்கிறது.

பிறகு கடல் ஏறியது. ஆற்றுப் பள்ளங்களைப் புது மணல் நிரப்பியது. அதோடு செடி கொடிகளும் புதைந்து மக்கின. மக்கிய பொருளைத் தின்னும் நுண்ணுயிர்கள் துருவைக் கரைக்கின்றன. பாஷாணம் நீரில் கலக்கிறது. இந்த மணல் சாம்பல் நிறம்.

கிணற்றுக் குழாய் எந்த மணலில் போய் நிற்கிறதோ, அதைப் பொறுத்தது அந்த வீட்டின் விதி! கிணறு தோண்டுகிறவர்கள் மணலின் நிறத்தைப் பார்ப்பதும் இதனால்தான். ஆனால் சோதித்துப் பார்ப்பதே நிச்சயம்.

ஆழத்தில் நல்ல நீர்

பிரிட்டிஷ் புவியியல் ஆய்வு நிறுவனம் 1998, 1999-ம் ஆண்டுகளில் ஆராய்ந்தது. வங்காளதேசத்தின் அளவுப்படி, 20 ஆயிரம் லிட்டர் நீரில் 1 கிராம் பாஷாணத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 500 அடிக்கும் குறைந்த ஆழமுள்ள கிணறுகளில் நூற்றுக்கு 27 இந்த எல்லையைத் தாண்டின. அதற்கும் ஆழமான கிணறுகளில் நூற்றுக்கு ஒன்றுதான் தாண்டியது.

அப்படியானால் எல்லோரும் ஆழத்து நீரை இறைக்கலாமா? அங்கேதான் ஆபத்து!

பூமிக்குள் தண்ணீர் சும்மா நிற்பதில்லை. கீழே இறைத்தால் மேலே உள்ள நீர் இறங்கும். களிமண் மூடி உள்ள இடத்தில் அது தடுக்கப்படும். பழைய ஆற்றுப் பள்ளத்தில் மூடி இல்லை. நஞ்சு நீர் இறங்க வழி உண்டு.

வியட்நாமில் இது நடந்திருக்கிறது. ஹனோய் நகருக்காக நீரை இறைத்ததால், பக்கத்துக் கிராமத்தின் நல்ல மணலுக்குள் பாஷாணம் புகுந்தது. 2013-ல் விஞ்ஞானிகள் இதை வெளியிட்டார்கள். பழுப்பு மணல் பாஷாணத்தின் வேகத்தைக் குறைத்தது, முழுவதும் தடுக்கவில்லை.

என்ன வழி?

குடிக்கவும் சமைக்கவும் ஒரு குடும்பத்துக்குச் சில குடம் போதும். வயலுக்குத்தான் ஏராளமான நீர் வேண்டும். எனவே, ஆழத்து நீரைக் குடிக்க மட்டும் வைத்துக் கொண்டு, பாசனத்துக்கு மேல்மட்ட நீரை எடுப்பது நல்லது என்பது ஆராய்ச்சியாளர்களின் யோசனை.

பல்லாயிரம் ஆண்டுகளாக ஆறுகள் பாதுகாத்து வைத்த நீர் அது. வயலுக்கு இறைத்துத் தீர்த்தால், குழந்தைகளுக்குக் கொடுக்க வேறு நல்ல நீர் கிடைப்பது அரிது.