37-வது வினாடியில் வந்த வினை!

1996-ம் ஆண்டு ஜூன் மாதம் 4-ந் தேதி.

தென் அமெரிக்காவில் பிரெஞ்சு கயானா என்று ஒரு பகுதி. பிரான்சுக்குச் சொந்தமானது. அங்கே கூரூ என்ற இடத்தில் ஒரு ராக்கெட் தயாராக நின்றது.

பெயர், ஏரியான்-5. ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து செய்த புது ராக்கெட். அதுதான் அதன் முதல் பயணம். உள்ளே 4 செயற்கைக்கோள்கள்.

ராக்கெட் சீறிக் கிளம்பியது. சுமார் 40 வினாடிதான்! திடீரென்று தலை சாய்ந்தது. உடைந்தது. வானத்திலேயே வெடித்துச் சிதறியது. நல்லவேளை, அதில் ஆள் யாரும் இல்லை.

என்ன காரணம்? எரிபொருளா? எஞ்சினா? இரண்டும் இல்லை. ஒரு கணக்கு!

படியும் மரக்காலும்

ராக்கெட்டுக்குள் கம்ப்யூட்டர் என்ற எந்திர மூளை இருந்தது. எந்தப் பக்கம் சாய்கிறோம், எவ்வளவு வேகத்தில் போகிறோம் என்று கணக்குப் பார்ப்பது அதன் வேலை. அதில் ஒரு கணக்குக்கு ஒதுக்கிய இடத்தில் 32,767 வரைதான் எழுத முடியும். பழைய ஏரியான்-4 ராக்கெட்டுக்கு அது போதும். புது ராக்கெட்டோ பக்கவாட்டில் அதைவிட மிக வேகமாகப் போனது. எண் பெரிதாகிவிட்டது.

ஒரு படிக்குள் ஒரு மரக்கால் நெல்லைக் கொட்டினால் என்ன ஆகும்? 37-வது வினாடியில் கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. துணைக்கு இன்னொன்று வைத்திருந்தார்கள். அதிலும் அதே கணக்கு. அதுவும் நின்று போயிருந்தது.

இதில் ஒரு வேடிக்கை. அந்தக் கணக்கு, ராக்கெட் கிளம்பும் வரையில்தான் தேவை. கிளம்பிய பிறகு அதனால் காலணா பிரயோசனம் இல்லை!

சோதிக்கவில்லையா?

சோதித்தார்கள். ஆனால் முழு ராக்கெட்டையும் சோதித்தபோது அந்தக் கருவியை வைக்கவில்லை. அதைப்போல நடிக்கும் போலி ஒன்றை வைத்தார்கள். கருவிதான் முன்பே தேறிவிட்டதே என்ற நம்பிக்கை! புது ராக்கெட் போகும் பாதையைத் தரையிலேயே அந்தக் கருவிக்குக் காட்டியிருந்தால் குட்டு வெளிப்பட்டிருக்கும் என்று விசாரணைக் குழு சொன்னது.

இன்று கார், லிப்ட், துணி துவைக்கும் எந்திரம் எல்லாவற்றிலும் சின்னக் கம்ப்யூட்டர் இருக்கிறது. அதைச் சோதிக்கவும் எந்திரம் வந்துவிட்டது. காரின் பிரேக் கம்ப்யூட்டரை மேஜைமேல் வைத்து, "இப்போது 100 கிலோ மீட்டர் வேகம், சாலையில் ஈரம்" என்று அதனிடம் பொய் சொல்லும். சரியான பதில் வருகிறதா என்று பார்க்கும். விடிய விடியப் பார்க்கும். தூங்காது, அலுக்காது.

நல்ல ஏற்பாடு. நான் குறை சொல்லவில்லை. ஆனால் நாம் சொல்லிக்கொடுத்த கேள்வியைத்தான் அது கேட்கும். "பழைய சரக்குதானே, ஓடும்" என்று ஒரு கேள்வியை நாம் விட்டுவிட்டால், ஆயிரம் தடவை சோதித்து ஆயிரம் தடவையும் 'பாஸ்' போடும்!

பழைய கணக்கைப் புது எந்திரத்தில் வைத்தால், புதிதாகவே சோதிக்க வேண்டும். செலவு என்பார்கள். ஆகட்டுமே!

சிதறிப்போன 4 செயற்கைக்கோள்களையும் மறுபடி செய்தார்கள். 2000-ம் ஆண்டில்தான், ரஷிய ராக்கெட்டுகளில், அவை வானத்துக்குப் போய்ச் சேர்ந்தன.