தோட்டத் திடலை அரசிதழில் ஒதுக்கு நிலமாக அறிவிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
செயலாளர்,
விளையாட்டு, சமூக மன்றம்,
பெஸ்தாரி ஜெயா வட்டாரம், கோலசிலாங்கூர் மாவட்டம்.

பெறுநர்:
நிலம், நகரத் திட்டமிடல், விளையாட்டு ஆகிய துறைகளின் பொறுப்பதிகாரிகள்.

பொருள்: திடலையும் மண்டபத்தையும் 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின் 62-ஆம் பிரிவின்கீழ் ஒதுக்கு நிலமாக அறிவித்தல், மற்றும் பிற கோரிக்கைகள்.



எங்கள் மன்றம் 1997-ஆம் ஆண்டு விளையாட்டு மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றது. ஆண்டுக் கணக்கைத் தவறாமல் சமர்ப்பித்து வருகிறது.

இதே பொருளில் முன்பு அனுப்பிய கடிதங்கள், பெற்றுக்கொண்டதற்கான முத்திரையுடன் இணைப்பில் உள்ளன. “கடிதம் கிடைத்தது, உரிய நடவடிக்கை எடுக்கப்படும்” என்பதற்கு மேல் எந்தப் பதிலும் வரவில்லை. அதிகாரி மாறும்போதெல்லாம் கோப்பு அடியில் போய்விடுகிறது; புதிதாக வருபவரிடம் நாங்கள் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. ஆகவே அக்கடிதங்களில் எழுதியதை இங்கே மறுபடியும் முழுமையாக எழுதுகிறோம்.

முதற்கடிதத்தில் திடலின் வரலாற்றைச் சொல்லியிருந்தோம். இந்த வட்டாரம் மலேசியச் செம்பனைத் தொழிலின் பிறப்பிடம். 1911-12-இல் ஹென்றி ஃபோகோனியே ரந்தாவ் பாஞ்சாங்கில் செம்பனை நட்டார். 1917-இல் பத்தாங் பெர்ஜுந்தையின் தென்னமரம் தோட்டத்தில் அது முதன்முதலாக வணிகப் பயிரானது. இங்கே காட்டை அழித்தவர்களிலும், பால்மரம் வெட்டியவர்களிலும், குலை சுமந்தவர்களிலும் பெரும்பகுதியினர் எங்கள் பாட்டன் பாட்டிமார். அவர்களுக்குத் தோட்டத்தில் கிடைத்தவை லயத்து வீடும் கள்ளுக்கடையும். 1941-இல் கிள்ளான் தோட்டங்களில் தொடங்கி சிலாங்கூர் முழுதும் பரவிய வேலைநிறுத்தத்தில், ஆர்.எச். நாதனும் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தாரும் கூலி உயர்வை மட்டும் கேட்கவில்லை. கள்ளுக்கடையை மூடு, பிள்ளைகளுக்குப் படிப்பு கொடு, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்து என்றும் கேட்டார்கள். மரியாதையோடு வாழ ஓர் இடம் வேண்டும் என்ற அந்தக் கோரிக்கையின் தொடர்ச்சியாகவே எங்கள் மன்றத்தை நாங்கள் கருதுகிறோம்.

போருக்குப் பின், வேலை முடிந்த மாலைகளில் தொழிலாளர்களே மண்ணைச் சமன் செய்து, கல்லைப் பொறுக்கி இந்தத் திடலை உண்டாக்கினார்கள். தோட்ட நிர்வாகம் நிலத்தைக் கொடுத்தது; உழைப்பைக் கொடுத்தவர்கள் தொழிலாளர்கள். கள்ளுக்கடைக்குப் போகவிருந்த கால்கள் திடலுக்கு வந்தன. காற்பந்தும் சடுகுடுவும் வாலிபாலும் இங்கே நடந்தன. பொங்கல் விளையாட்டுப் போட்டியில் கிராணி வீட்டுப் பிள்ளையும் வெட்டுக்காரர் பிள்ளையும் ஒரே கோட்டில் நின்று ஓடினார்கள். தோட்டத்தில் வேறெங்கும் அப்படி நிற்க முடியாது. திருவிழாவுக்கு நாடகமும் திரைப்படமும் இதே திடலில்தான். பள்ளி முடித்த பெண்களுக்குத் தையல் வகுப்பு, இளைஞர்களுக்கு இரவு வகுப்பு, இறந்தவர் வீட்டுக்கு மரணச் சகாய நிதி என எல்லாவற்றையும் மண்டபத்திலிருந்து மன்றமே நடத்தியது. சிலாங்கூர் கோல்காவலர் ஆர். ஆறுமுகம் இடம்பெற்ற தேசியக் குழு 1980 மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றபோது, எங்கள் சிறுவர்கள் இந்தத் தரையில்தான் பக்கவாட்டில் பாய்ந்து பந்து பிடித்துப் பழகினார்கள்.

பிறகு தோட்டங்கள் கைமாறின, துண்டாயின. மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் தொழிலாளர்கள் ஒரு வீட்டுக்காக எத்தனை ஆண்டுகள் போராடினார்கள் என்பதை இந்த மாநிலமே அறியும். லயங்கள் இடிந்தன, பத்தாங் பெர்ஜுந்தை என்ற பெயரே 2007-இல் பெஸ்தாரி ஜெயா ஆனது. தாமான்களுக்கும் நகரத்துக்கும் சிதறிய குடும்பங்கள் கோயில் திருவிழாவுக்கும் திடலுக்கும் மட்டுமே திரும்பி வருகின்றன.

இரண்டாம் கடிதம் முழுவதும் நிலத்தின் நிலையைப் பற்றியது. அதற்கு ஒருவரும் பதில் தரவில்லை. இம்மனுவின் உயிர் அதில்தான் இருக்கிறது. தோட்டத்தின் ஒரு பகுதி வீடமைப்புக்காகப் பிரிக்கப்பட்டபோது, அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு வரைபடத்தில் எங்கள் திடல் திறந்தவெளியாகக் குறிக்கப்பட்டது. அந்தத் திறந்தவெளி அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆகவே இன்று அது அரசு நிலம். ஆனால் வரைபடத்தில் பச்சை வண்ணம் பூசுவது ஒன்று, சட்டப் பாதுகாப்பு வேறொன்று. 62-ஆம் பிரிவின்படி மாநில அரசு அரசிதழில் அறிவித்து, நிலத்தின் எல்லையையும் நோக்கத்தையும் குறிப்பிட்டு, அதைக் காக்கும் அதிகாரியையும் நியமித்தால்தான் அந்த நிலம் ஒதுக்கு நிலம் ஆகும். அப்படி ஆனபின் அதை வேறு நோக்கத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. ஒதுக்கீட்டை நீக்குவதென்றால் 64-ஆம் பிரிவின்படி முன்னறிவிப்பு வேண்டும், விசாரணை வேண்டும். அதாவது எங்கள் பேச்சைக் கேட்காமல் திடலை எடுக்க முடியாது. அந்த அறிவிப்பு இன்றுவரை வரவில்லை. அது இல்லாத வரையில், ஒரு கூட்டத்தில் எடுக்கும் ஒரு முடிவே திடலை இன்னொருவருக்குக் கொடுத்துவிடப் போதும். வேலி போடப்பட்ட பிறகுதான் அந்தச் செய்தியை நாங்கள் அறிவோம்.

மண்டபத்தின் நிலை இன்னும் மோசம். அது தற்காலிகக் குடியிருப்பு உரிமத்தில் நிற்கிறது. சட்டத்தின்படி அந்த உரிமம் டிசம்பர் 31-ஐத் தாண்டுவதில்லை. ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். எங்கள் பெரியவர்கள் தங்கள் கையால் கட்டிய கட்டடத்தில் நாங்கள் ஆண்டுக்கு ஆண்டு வாடகைக்காரர்களைப் போல் நிற்கிறோம். நாளை நிலைக்குமா என்று தெரியாத கூரையை மாற்ற நன்கொடை கேட்டால், கொடுக்க நினைப்பவரும் தயங்குகிறார். அந்தத் தயக்கத்தை நாங்கள் குறை சொல்ல முடியாது.

மூன்றாம் கடிதம், நில அளவையாளர்கள் திடலின் சாலையோர மூலையில் சிவப்புக் கட்டைகள் அடித்த பிறகு எழுதியது. எதற்காக அளந்தார்கள் என்று கேட்டோம். கடை வரிசை என்றார் ஒருவர். வாகன நிறுத்துமிடம் என்றார் மற்றொருவர். எழுத்தில் ஒன்றும் தரவில்லை. அந்த மூலை போனால் காற்பந்துத் திடலின் நீளம் குறையும். முறையான ஆட்டத்துக்கு அது உதவாது. மூலை போன திடல் சில ஆண்டுகளில் முழுதும் போய்விடும் என்பதை இந்த நாட்டின் எத்தனையோ பழைய தோட்டங்களில் மக்கள் கண்டுவிட்டார்கள்.

இந்த அச்சம் வீண் அல்ல என்பதற்கு கோலாலம்பூரின் தாமான் ரிம்பா கியாரா சான்று. கட்டமைப்புத் திட்டத்தில் திறந்தவெளியாகக் காட்டப்பட்டிருந்த நிலத்தில் அடுக்குமாடி கட்ட அனுமதி தரப்பட்டது. மக்கள் வழக்கு தொடுத்து, கூட்டரசு நீதிமன்றம் வரை போராட வேண்டியிருந்தது. 2023 ஏப்ரலில் அந்த அனுமதி செல்லாது என்று உறுதியானது. அது கூட்டரசுப் பிரதேசச் சட்டத்தின்கீழ் வந்த வழக்கு, சிலாங்கூருக்கு அப்படியே பொருந்தாது என்பதை அறிவோம். ஆனாலும் வரைபடத்தில் பொதுமக்களுக்குக் கொடுத்த வாக்கை அதிகாரிகள் எளிதில் மீற முடியாது என்பதே அதன் சாரம். அங்கேயும் பழைய புக்கிட் கியாரா தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் நீண்ட வீடுகளில் நிரந்தர வீட்டுக்காகக் காத்திருந்தன. வீடா திடலா என்று ஏழைகளிடம் மட்டும் கேட்பது நியாயமில்லை. எங்களுக்கு இரண்டும் வேண்டும். வழக்குத் தொடுக்கப் பணமில்லாதவர்கள் நாங்கள். வழக்கு தேவைப்படாமல் செய்யும் அதிகாரம் தங்கள் கையில் இருக்கிறது.

ஆகவே எங்கள் முதன்மைக் கோரிக்கை இது: மூலை உட்பட முழுத் திடலையும், மண்டபம் நிற்கும் மனையையும் விளையாட்டு, சமூகப் பயன்பாட்டுக்கான ஒதுக்கு நிலமாக 62-ஆம் பிரிவின்கீழ் அரசிதழில் அறிவிக்க வேண்டும். பொறுப்பு அதிகாரியின் பதவியை அந்த அறிவிப்பிலேயே குறிப்பிட வேண்டும். அறிவிப்பு வரும் வரை எந்தப் பகுதியையும் யாருக்கும் வழங்கக் கூடாது. சிவப்புக் கட்டைகளை அகற்ற வேண்டும்.

மேலும் கீழ்க்காண்பவற்றையும் பரிசீலிக்கக் கேட்டுக்கொள்கிறோம்:

1. திடலின் கிழக்கு ஓரக் கால்வாயைத் தூர்வாருதல்.
2. இரவுப் பயிற்சிக்கு விளக்குக் கம்பங்கள் அமைத்தல்.
3. பெண் விளையாட்டாளர்களுக்குத் தனி உடைமாற்றும் அறையும் கழிப்பறையும் கட்டுதல்.
4. புல் வெட்டும் குத்தகையின் அட்டவணையை மன்றத்துக்கு முன்கூட்டியே தெரிவித்தல்.
5. மன்றத்தின் பழைய கூட்டக் குறிப்பேடுகளையும் புகைப்படங்களையும் கறையான் தின்னுமுன் படியெடுத்துப் பாதுகாக்க உதவுதல்.

இம்மனுவுக்கு 30 நாட்களுக்குள், கோப்பு எண்ணும் பொறுப்பதிகாரியின் பதவியும் குறித்து, எழுத்தில் பதில் தர வேண்டுகிறோம். 62-ஆம் பிரிவின்கீழ் அறிவிக்க முடியாது என்பது தங்கள் முடிவானால், எந்தச் சட்டக் காரணத்தால் முடியாது என்பதையும் அதே பதிலில் எழுத வேண்டும். தாங்கள் குறிக்கும் நாளில் வரைபடத்துடன் நேரில் வந்து விளக்கமளிக்கத் தலைவரும் நானும் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
மன்றப் பொதுக்கூட்டத் தீர்மானத்தின்படி,
செயலாளர்

இணைப்பு: முந்தைய கடிதங்களின் நகல்கள், மனைப்பிரிவு வரைபட நகல், சிவப்புக் கட்டைகளின் புகைப்படங்கள், உறுப்பினர்கள் கையொப்பம்.